எண்பத்து நாலு வயதுக் கட்டைவிரல்

காலை ஒன்பது ஏழுக்குத்தான் நான்காம் எண் கவுண்டர் திறந்தது.

ஏழு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் ராசிக்காரரின் கட்டைவிரல். கவுண்டரைத் திறக்க, மூட, பதிவில் எதையாவது அழிக்க, எல்லாவற்றுக்கும் அந்த விரல் வேண்டும். ரேகை இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தார். சிவப்பு. சட்டையில் தேய்த்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் கவுண்டர் மறுநாள் காலை வரை பூட்டிக்கொள்ளும். இழுப்பறையைத் திறந்து கிளிசரின் புட்டியை எடுத்தார். ஒரு சொட்டு தடவி, வாயருகே கொண்டுபோய் ஊதினார். மூன்றாவது முறை பச்சை.

திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று. ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இடத்துக்கு இரண்டு முறை விளம்பரம் கொடுத்தார்கள். முதல் முறை ஓர் இளைஞன் வந்து ஒரு வாரம் உட்கார்ந்தான். இரண்டாம் முறை ஒருவரும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கே நீட்டிப்பு வந்தது.

ராசிக்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். ரேகை படியாமல் அவரிடமிருந்து யாரும் திரும்பிப் போனதில்லை. மேசைமேல் ஒரு வெந்நீர்க் கிண்ணம், ஒரு துணி. தேய்ந்த விரல், வெடித்த விரல், நடுங்கும் விரல், எல்லாம் அவரிடம் படியும். அவர் விரலைப் பார்ப்பதில்லை. திரையைத்தான் பார்ப்பார். அது பச்சையாகும்வரை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கூடத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். உயிரோடு இருப்பதைக் காட்ட வரும் ஓய்வூதியக்காரர்கள். வேலை அனுமதியைப் புதுப்பிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள். முன்பு தனித்தனிக் கவுண்டர் இருந்தது. உட்கார ஆளில்லாமல் ஒன்றாக்கிவிட்டார்கள். பக்கத்தில் பிறப்புப் பதிவு ஜன்னல். அது வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும்.

சுவரில் தொலைக்காட்சி ஓடியது. ஒலி இல்லை. நான்கு பேர் வாயசைத்துச் சண்டை போட்டார்கள். கீழே எழுத்து ஓடியது: மக்கள்தொகை சரிவு, வெளிநாட்டு ஆள் எடுப்பதா, பிள்ளை பெறுவதா?

"எடுப்பாங்க, எடுப்பாங்க. நாம போய்ச் சேர்ந்ததும் நம்ம நாற்காலியையும் எடுத்துக் குடுத்துருவாங்க," என்றார் முன்வரிசையில் இருந்த பழைய பஸ் கண்டக்டர். டோக்கனைக் காதில் செருகியிருந்தார்.

அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு கர்ப்பிணி. மாமியாரைக் கூட்டி வந்திருந்தாள். அவள் உள்ளே நுழைந்தபோது ஐந்து பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். கூடமே அவள் வயிற்றைப் பார்த்தது.

"இப்படி வீட்டுக்கு நாலு பெத்தா வெளியாள் எதுக்கும்மா?" என்றார் கண்டக்டர்.

"பெத்துத் தர்றேன். வந்து வளர்த்துக் குடுக்கிறீங்களா?"

"நானா? எனக்கு முட்டி வலி."

"அப்ப வாயையும் கொஞ்சம் உக்கார வைங்க."

மாமியார் சிரிக்காமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு அறுபத்தொன்றாம் எண் வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். நில அளவைத் துறையில் நாற்பது ஆண்டு சர்வேயர். நாற்காலியைத் தள்ளி வந்தவள் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், வெளிநாட்டுக்காரி. கூடவே மகள், பல் மருத்துவமனை வரவேற்பாளரின் நீலச் சீருடையில். அரைநாள் விடுப்பு. கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"தாத்தா, கைய நீட்டுங்க," என்றாள் அந்தப் பெண்.

"நேத்து வரைக்கும் நீட்டுனா சோறு வெப்ப. இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கு உசுரு வைக்கணும்."

ராசிக்காரர் சிரித்தார். "நல்லாப் பேசுறியேம்மா. யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"தாத்தாகிட்டதான் சார். அதான் எதைச் சொன்னாலும் திட்டுற மாதிரியே இருக்கும்."

சர்வேயர் விரலை வைத்தார். சிவப்பு. வெந்நீரில் முக்கித் துடைத்து வைத்தார். சிவப்பு.

"அளவுச் சங்கிலி இழுத்த கை. ரேகையெல்லாம் எல்லைக்கல்லுல ஒட்டிக்கிச்சு," என்றார் சர்வேயர்.

எண்பது தாண்டியவர்களுக்கு உதவியாளர் கை பிடிக்கலாம் என்று விதி இருந்தது. ராசிக்காரர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "போன வருஷம் மாதிரியே நீ சேர்த்துப் பிடிச்சு அழுத்தும்மா. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

பச்சை. உயிர்ச் சான்று ஏற்கப்பட்டது.

"ராசின்னா ராசிதான்யா," என்று கண்டக்டர் கை தட்டினார்.

"போச்சு. இன்னும் ஒரு வருஷத்துக்குச் சாக முடியாது," என்றார் சர்வேயர்.

அடுத்த எண் அந்தப் பெண்ணுடையது. அறுபத்திரண்டு. வேலை அனுமதிக்கு ரேகை கேட்பது இந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. கைகளைத் துடைத்துவிட்டு வந்தாள். சலவைத் தூள் தின்ற கை, ஆனாலும் ரேகை ஆழமாக இருந்தது. தொட்டதும் படியும் கை. கட்டைவிரலை வைத்தாள்.

இயந்திரம் கூவியது. ராசிக்காரர் பழக்கத்தில் திரையைச் சத்தமாகப் படித்தார்.

"இந்த ரேகை ஏற்கெனவே பதிவில் உள்ளது. ஆண். வயது எண்பத்து நாலு. ஓய்வு, நில அளவைத் துறை."

ஒரு கணம் கழித்துக் கூடம் சிரித்தது. கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு ராசிக்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அவர் அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தார். சின்னக் கண்ணாடி. ஒரு விரலுக்குத்தான் இடம். நடுங்கும் விரலைப் பிடித்து அழுத்துகிறவளின் விரல் எங்கே இருக்கும்? பக்கத்தில். பிறகு கீழே.

சர்வேயரின் கோப்பைத் திறந்தார். "ஐயா, நீங்க மட்டும் வைங்க." சிவப்பு. "நீ மட்டும் வைம்மா." பச்சை. உயிர்ச் சான்று ஏற்கப்பட்டது.

போன ஆண்டுதான் புதிய இயந்திரம் வந்தது. எல்லோருடைய ரேகையையும் அதில் முதன்முதலாக ஏற்றியவர் அவர். அன்றும் சேர்த்து அழுத்தச் சொன்னார். அன்றும் திரையைத்தான் பார்த்தார்.

"அப்ப ஒரு வருஷமா உசுரோட இருந்தது நீயாடி?" என்றார் சர்வேயர்.

அவள் ராசிக்காரரிடம் திரும்பினாள். "என் அனுமதி அட்டை, சார்? இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"ரெண்டு மாசமா டோக்கன் கேட்டேன்," என்றாள் மகள். "இன்னைக்குத்தான் குடுத்தாங்க. சீக்கிரம் முடிங்க சார், நான் மூணு மணிக்கு டூட்டில இருக்கணும்."

திரையில் ஒரு கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. முடிவு எடுக்கும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாது. கூடத்துப் பலகையில் அறுபத்திரண்டு என்றே நின்றது.

மேலதிகாரி வந்தாள். ராசிக்காரரைவிட இருபது வயது இளையவள். நின்றபடியே திரையைப் படித்தாள். அவரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள். "ஒண்ணு, அந்தப் பொண்ணு பேர்ல ஆள்மாறாட்டம்னு போகும். நாம எதுவும் செய்ய வேண்டாம். நாலு மணிக்கு மெஷினே அனுப்பிடும். அவ ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பம் போடணும்."

"போட்டா கெடைக்குமா?"

"ஆள்மாறாட்டம்னு இருந்தா யார் குடுப்பா?"

"இன்னொண்ணு?"

"பணியாளர் தவறுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். உங்க விரலை வெச்சு அந்தப் பெரியவரோட பதிவை அழிக்கணும். அழிச்சதும் இவ ரேகை புதுசாப் படியும். அவருக்கு டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பாத்துச் சான்று தரணும். ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவரோட ஓய்வூதியம் நிக்கும், மருந்து அட்டையும் நிக்கும்."

"எனக்கு?"

"நீட்டிப்பு வராது."

அவர் தடுப்பு வழியாகப் பார்த்தார். அந்தப் பெண் சர்வேயரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அவ தப்பு பண்ணல, மேடம். நான்தான் அழுத்தச் சொன்னேன்."

"தெரியும்." மேலதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "நான் கெட்டவ இல்ல. கணக்காச் சொல்றேன். அவ போனா அவ இடத்துக்கு இன்னொருத்தி வருவா. நீங்க போனா உங்க இடத்துக்கு யார் வருவா? இந்தக் கவுண்டரை மூடணும். வெளிய உக்காந்திருக்கிற அத்தனை பேரும் ரெண்டு பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போகணும். சாப்பிட்டு வந்து சொல்லுங்க."

அவர் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்தார், மூடினார். தாழ்வாரத்தில் நடந்தார். குடிநீர்க் குழாய் வரை போனார், திரும்பினார். மறுபடி போனார். தாகம் இல்லை. வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வழவழவென்று இருந்தது.

போன ஆண்டு எத்தனை பேரைச் சேர்த்து அழுத்தச் சொன்னோம்? முப்பதா? ஐம்பதா? எத்தனை மகன்கள், மருமகள்கள், கூலிக்கு வந்த பெண்கள் இப்போது எண்பது தொண்ணூறு வயதாகப் பதிவில் இருக்கிறார்கள்?

தாழ்வாரத்தின் கோடியில் அவர்கள் மூவரும் இருந்தார்கள். மேலதிகாரி இரண்டு வழியையும் அவர்களிடமும் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வாழைப்பழத்தைத் துண்டு துண்டாகக் கிள்ளி சர்வேயருக்கு ஊட்டினாள். மகள் நின்றபடி பேசினாள். மூன்று மணி வேலைக்கு ஆள் மாற்றிக் கேட்டிருந்தாள். கிடைக்கவில்லை.

"மருந்து அட்டை நின்னா என்ன பண்றது? ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எல்லாம் அதுலதானே வருது?"

"நான் போனா மாத்திரைய யாரு எடுத்துக் குடுப்பா, அக்கா?"

மகள் சொன்னாள்: "உன்னைப் போகச் சொல்லலடி. ரெண்டும் வேணும்ங்கிறேன்."

"ரெண்டும்னா மெஷின் ஒத்துக்காதுக்கா. ஒரு விரல்தான் இருக்கு."

சர்வேயர் மென்றுகொண்டே ராசிக்காரரைப் பார்த்தார். "என்ன சார், யாரை அழிக்கப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல ஐயா."

"நான் அளந்ததுல பதினோரு கல்லு தப்பான இடத்துல நட்டது. எனக்கே தெரியும். ரெண்டைத்தான் பிடுங்கி மாத்தினேன்."

"மிச்சம் ஒன்பது?"

"அங்கேயேதான் நிக்குது." பழத்தை விழுங்கினார். "வேலி போட்டு மரம்கூட வெச்சுட்டாங்க."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ராசிக்காரருக்குத் தெரியவில்லை. கிழவர் சொன்னது புத்திமதியா கேலியா? முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தார்.

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் மகள். ராசிக்காரரிடம் திரும்பினாள். "சார், டாக்டர் சான்று ரெண்டு மாசத்துல வந்துருமா? நிச்சயமா?"

"சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா?"

"டாக்டருக்கும் ஆள் பத்தலம்மா."

மகள் சுவரில் சாய்ந்தாள். சீருடையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றினாள், மறுபடி குத்தினாள். "அம்மா இருந்தப்ப நானே எல்லாம் பாத்தேன். இப்ப வேலையை விட்டா வீடு ஓடாது. வேலைக்குப் போனா அப்பா தனியா கிடப்பார். இவ வந்த அப்புறம்தான் நான் ராத்திரி தூங்குறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழிங்க சார். மாத்திரைக்கு நான் எங்கயாவது ஓடுறேன்."

"உன் அப்பனைத்தான் அழிக்கச் சொல்ற, தெரியுதில்ல?" என்றார் சர்வேயர்.

"தெரியுதுப்பா."

"சரி. கேட்டுக்கிட்டேன்."

அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. பழத்தோலைத் தாளில் மடித்தாள். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். ராசிக்காரர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டரைக்குக் கூடம் கொதித்தது. பலகையில் இன்னும் அறுபத்திரண்டு.

"காலைல கஞ்சி குடிச்சிட்டு வந்தது," என்று கண்டக்டர் கத்தினார். "அதுவும் எறங்கிப் போச்சு. யாரையாவது ஒருத்தரை அழிச்சிட்டு வேலையப் பாருங்கப்பா!"

"உங்களை அழிக்கட்டுமா?" என்றாள் கர்ப்பிணி.

"என்னை அழிக்க என்ன இருக்கு? பையன் ஒரு நாட்டுல, பொண்ணு ஒரு நாட்டுல. அங்க அவங்களும் இதே மாதிரி எவன் முன்னாடியோ விரலை நீட்டிட்டு நிப்பாங்க." டோக்கனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுபத்து மூன்று. "அந்தப் பொண்ணு திருடின்னு நான் சொல்லல. எனக்கு என் நம்பர் வரணும். அவ்வளவுதான்."

தொலைக்காட்சியில் அதே நான்கு பேர் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். மறுஒளிபரப்பு.

மூன்று மணிக்கு மகளின் கைப்பேசி அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள். போகவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு ராசிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தார். நான்கு வரி எழுதினார். மேற்படி நபரின் ரேகையைப் பதியும்போது உதவியாளரைச் சேர்த்து அழுத்தச் சொன்னவன் நான். விரலை நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இதுபோல் வேறு சிலவும் இருக்கலாம். கையெழுத்துப் போட்டார்.

மேலதிகாரி இரண்டு முறை படித்தாள்.

"கடைசி வரி வேணுமா?"

"இருக்கட்டும் மேடம்."

"அத்தனை பேரையும் மறுபடி கூப்பிடணும். யார் உக்காந்து செய்வா?"

அவர் தோளைக் குலுக்கினார். மேலதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு தன் சங்கேத எண்ணைத் தட்டினாள். திரையில் புதிய கட்டம் வந்தது. பதிவை அழிக்கப் பணியாளரின் கட்டைவிரலை வைக்கவும்.

மூன்று ஐம்பத்தொன்று.

ராசிக்காரர் விரலை வைத்தார்.

சிவப்பு.

மேலதிகாரி குனிந்து பார்த்தாள். "என்ன?"

"ஒண்ணுமில்ல. காஞ்சிருக்கு." இழுப்பறையைத் திறந்தார். கிளிசரின் புட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்தது வரவில்லை. தட்டினார். ஒரு பொட்டு வந்தது. தடவினார், ஊதினார். கிண்ணத்துத் தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. துணியில் துடைத்தார். வைத்தார்.

சிவப்பு. இன்னும் ஒரு முறை மட்டுமே முயலலாம்.

கண்டக்டர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். காலையில் கவுண்டர் ஏன் தாமதமாகத் திறந்தது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்றாள் மேலதிகாரி.

அவர் தலையாட்டினார்.

"எத்தனை மாசமா?"

"ஒரு வருஷமா."

மூன்று ஐம்பத்து நாலு. மேலதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ராசிக்காரர் கையை உதறினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்தார். விரல் நடுங்கியது. இத்தனை ஆண்டில் அவர் தன் விரலை உற்றுப் பார்த்ததே இல்லை, இப்போது பார்த்தார். நுனியில் கோடுகள் இல்லை. தேய்ந்த சோப்புத் துண்டு போல இருந்தது.

அந்தப் பெண் சக்கர நாற்காலியின் பூட்டைப் போட்டாள். கவுண்டரின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவர் கையை எடுத்தாள். கேட்கவில்லை, தினமும் இன்னொருவர் கையை எடுக்கிற மாதிரி எடுத்தாள். ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்து சர்வேயருக்குத் தடவும் களிம்பை எடுத்தாள். பயறளவு எடுத்து அவர் விரல் நுனியில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பிறகு துணியால் ஒற்றினாள்.

"அவளோட கை சூடு," என்றார் சர்வேயர் வெளியிலிருந்து. "எனக்கும் அப்படித்தான் செய்வா."

மூன்று ஐம்பத்தேழு.

அவர் விரலைக் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோனார். ஒரு அங்குலத்துக்கு மேலே நின்றது. நடுக்கம் நிற்கவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்தார். இரண்டும் நடுங்கின. மேலதிகாரி காதில் போனை வைத்தபடி அவர் விரலையே பார்த்தாள். திரையை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் அவர் மணிக்கட்டுக்குக் கீழே கையைக் கொண்டுவந்தாள். தொடாமல் நிறுத்தினாள்.

"நான் சேர்த்துப் பிடிக்கட்டுமா, சார்?"